வராதவர்கள்

வாசுதேவன் பாஸ்கரனைப் பற்றி எழுத எனக்குத் தகுதி எதுவும் கிடையாது. நான் ஹாக்கி ஆடியவனல்ல. அவர் ஆடி நான் பார்த்ததுமில்லை. 1980இல் மாஸ்கோவில் அவர் தலைமையில் இந்தியா தங்கம் வாங்கியபோது நான் பிறந்திருக்கவே இல்லை. இருந்தும் சில வருஷங்களாக அந்தத் தங்கம் என்னைத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது. காரணம், விமர்சனம் என்ற பெயரில் நான் செய்த ஒரு காரியம்.

2021 ஆகஸ்ட் 5, காலை. டோக்கியோ ஒலிம்பிக்ஸில் இந்தியா ஜெர்மனியை 5-4 என்று வென்று வெண்கலம் பெற்றது. வங்கிக்குக் கிளம்ப வேண்டிய நான் சட்டையைப் பாதி மாட்டியபடி டிவி முன் நின்றிருந்தேன். அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூட நாட்களில் ஹாக்கி ஆடியவர். பிடியில் சுற்றிய துணி நைந்துபோன அவருடைய மட்டை இன்னமும் பரணில் கிடக்கிறது. "நாப்பத்தொரு வருஷமாச்சு" என்றார். நான், படித்தவன் தோரணையில், "மாஸ்கோவில ஜெயிச்சது ஒரு ஜெயிப்பாங்ப்பா? அங்க யாருமே வரலயே" என்றேன்.

நான் சொன்னதில் தகவல் பிழை இல்லை. 1979 டிசம்பரில் சோவியத் ராணுவம் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது. அமெரிக்கா பகிஷ்காரத்துக்கு அழைத்தது. 1976 மாண்ட்ரியாலில் ஹாக்கித் தங்கம் வென்றது நியூசிலாந்து, வெள்ளி ஆஸ்திரேலியா, வெண்கலம் பாகிஸ்தான். மூன்று அணிகளில் ஒன்றுகூட மாஸ்கோவில் ஆடவில்லை. மேற்கு ஜெர்மனியும் ஹாலந்தும் இல்லை. ஆடியவை ஆறே அணிகள்: இந்தியா, ஸ்பெயின், சோவியத் யூனியன், போலந்து, கியூபா, தான்சானியா. தான்சானியாவை இந்தியா 18-0 என்றும் கியூபாவை 13-0 என்றும் தோற்கடித்தது. இந்த எண்களைப் பார்த்தால் யாருக்கும் உதடு கோணும்.

அப்பாவுக்குக் கோணவில்லை. "வராதவன வெச்சு வந்தவன அளக்கறயா கண்ணு? போலந்துகாரனும் ஸ்பெயின்காரனும் முதல்ல ரெண்டுக்கு ரெண்டுன்னு நம்மள நிறுத்திப் போட்டாங்க. பைனல்ல மூணுக்குச் சைபர்னு இருந்தோம். மூணுக்கு ரெண்டுன்னு ஆகிப் போச்சு. அன்னைக்கு லைன் வீட்ல ரேடியோவுக்கு முன்னால ஒருத்தனும் மூச்சு உடல. நாலாவத ஷாகித் போட்ட பொறவுதான் உசுரு வந்துது. அமாட்டுன்னு ஒரு ஸ்பெயின்காரன், மூணு கோலும் அவனே போட்டான். அவன் வரலைங்கறயா?"

முடிவு 4-3. இந்தியாவுக்கு சோதி இரண்டு, கௌஷிக் ஒன்று, ஷாகித் ஒன்று. இதெல்லாம் எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் அப்பா அந்த ஆட்டத்தை அதனுள்ளிருந்து பேசினார். நான் மைதானத்துக்கு வெளியே நின்றுகொண்டு பேசினேன். பஸ்ஸில் போகும்போதுதான் இது உறைத்தது. கூடவே நான் மறக்க விரும்பிய ஒரு மதிப்புரையும் நினைவுக்கு வந்தது.

2019இல் ஒரு நண்பரின் முதல் கவிதைத் தொகுப்புக்கு நான் எழுதியது அது. அவர் திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுபவர். சனிக்கிழமைச் சம்பளப் பட்டுவாடா முடிந்து, ராத்திரி பஸ் ஏறி வந்து, விடிய விடியக் கவிதை பேசிவிட்டுப் போவார். அந்த வருஷம் சொல்லிக்கொள்ளும்படி வேறு தொகுப்பு வராததால்தான் இது கண்ணில் படுகிறது என்று ஆரம்பித்து, 'ஆளில்லாத மைதானத்தில் அடித்த கோல்' என்று முடித்திருந்தேன். அந்த வாக்கியத்தை நாலு பேர் பாராட்டினார்கள். எலியட்டைக் கொண்டுவந்தேன், ரில்கேயைக் கொண்டுவந்தேன், எழுதாமல் நின்றுபோன நம் முன்னோடிகளைக் கொண்டுவந்தேன். தொகுப்பிலிருந்து ஒரு கவிதையைக்கூட எடுத்துப் பேசவில்லை. நண்பர் சண்டைக்கு வரவில்லை. என்னிடம் இரவல் வாங்கியிருந்த மூன்று புத்தகங்களைப் பேப்பரில் சுற்றிக் கோவை வந்த யாரிடமோ கொடுத்தனுப்பினார். அதற்குப் பிறகு அவர் எதுவும் பிரசுரிக்கவில்லை.

பாஸ்கரனுக்கு வருகிறேன். 1950இல் சென்னையில் பிறந்தவர். லயோலா கல்லூரியில் படித்தவர். களத்தில் அவர் இடம் இடது ஹாப். ஹாக்கி மட்டையில் ஒரு முகம்தான் தட்டை; அதால்தான் பந்தைத் தொட வேண்டும். எதிரணியின் வலது ஓரத்து ஆட்டக்காரன் இடது ஹாப்புக்கு வசதியில்லாத பக்கமாகவே புகுந்து போகப் பார்ப்பான். மட்டையைத் திருப்பித் திருப்பித் தடுத்து, தடுத்த பந்தை முன்வரிசைக்கு அனுப்ப வேண்டும். மறுநாள் பேப்பரில் அதிகம் பேர் வராத வேலை. மாண்ட்ரியாலில் ஆடிய அணியிலும் அவர் இருந்தார். ஒலிம்பிக்ஸ் ஹாக்கி முதல் தடவையாகச் செயற்கைத் தரையில் நடந்தது அங்கேதான். 1928 முதல் ஆடிய ஒவ்வொரு ஒலிம்பிக்ஸிலும் பதக்கம் பெற்றுவந்த இந்தியா அங்கே 7ஆம் இடத்துக்குப் போயிற்று. அதற்கடுத்ததே மாஸ்கோ. 1981இல் பத்மஸ்ரீ. பிறகு பயிற்சியாளர், 2006 உலகக் கோப்பையில் அவரிடம் பயின்ற அணிக்கு 11ஆம் இடம். அந்த 7க்கும் இந்த 11க்கும் யாரும் அடிக்குறிப்பு போடுவதில்லை. தங்கத்துக்கு மட்டும் போடுகிறோம்.

மாஸ்கோ தங்கமும் 1975இல் கோலாலம்பூரில் பாகிஸ்தானை வென்று பெற்ற உலகக் கோப்பையும் ஒன்றே என்று நான் வாதாட வரவில்லை. சரித்திரம் எழுதுகிறவன் வராதவர்களைக் குறித்தாக வேண்டும், மறைத்தால் பொய். ஆனால் அது களத்தைப் பற்றிய தகவல். ஆட்டம் எப்படி இருந்தது என்பதற்கு ஆட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். வராதவர்களிடம் ஒரு சௌகரியம் உண்டு: அவர்கள் தோற்பதே இல்லை. அவர்களைத் துணைக்கு வைத்துக்கொள்கிற விமர்சகனும் தோற்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வங்கி மேஜை இழுப்பறையில், பழைய லெட்ஜர் அட்டைக்குள், பன்னிரண்டு வருஷமாக என் கவிதைகள் கிடக்கின்றன. யாருக்கும் காட்டியதில்லை. இன்னும் பக்குவப்படவில்லை என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். அது முழு உண்மையல்ல. அச்சில் வந்துவிட்டால் அவற்றுக்கு ஒரு இடம் கிடைத்துவிடும், 7ஆம் இடமோ 11ஆம் இடமோ. வெளியே வராதவரை அவை எந்தத் தொகுப்புக்கும் இளைத்தவையல்ல. நண்பரின் புத்தகத்தை நான் அடித்தது எலியட்டை வைத்து மட்டுமல்ல. என் இழுப்பறையை வைத்தும்தான்.

அன்று காலை டிவியில் மாஸ்கோவைப் பற்றிப் பேசினார்கள். ஷாகித் 2016இல் இறந்துவிட்டார். கௌஷிக்கும், அதே அணியில் ஆடிய ரவீந்தர் பால் சிங்கும் அந்த வருஷம் மே 8ஆம் தேதி, ஒரே நாளில், கொரோனாவில் போனார்கள். இன்னும் மூன்று மாதம் இருந்திருந்தால் டோக்கியோவைப் பார்த்திருப்பார்கள். அப்பா அன்று அவர்களுடைய பெயர்களைச் சொல்லிவிட்டு வெகுநேரம் எதுவும் பேசவில்லை. வராதவர்கள் என்று அவர் யாரையாவது எண்ணியிருந்தால் இவர்களைத்தான் எண்ணியிருப்பார்.

போன மாதம் நண்பரின் தொகுப்பை மறுபடி எடுத்தேன். பக்கத்தில் வேறு எந்தப் புத்தகமும் வைத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது கவிதையின் கடைசி இரண்டு வரிகள் வேண்டாதவை. முன்பே சொன்னதை விளக்குகின்றன. மழை பற்றிய கவிதைகளில் பாதி, எழுதியே ஆக வேண்டும் என்று எழுதியவை. ஓவர்லாக் மெஷினில் தூங்கிவிழும் பெண்ணைப் பற்றிய கவிதையில் ஒரு சொல்லைக்கூட என்னால் நகர்த்த முடியவில்லை. இவ்வளவையும் ஒரு கார்டில் எழுதி அவருக்குப் போட்டேன்.

பதில் இன்னும் வரவில்லை.