கை நிற்க வேண்டிய இடம்

மருந்துக் கடையில் வேலைக்குச் சேரும் பிள்ளைகள் ஆரம்பத்தில் ஆசைப்படுவது வேகத்துக்குத்தான். சீட்டை வாங்கியதும் கை தானாக ரேக்குக்குப் போக வேண்டும், ஐந்து பேரை ஒரே மூச்சில் அனுப்பிவைக்க வேண்டும், முதலாளி பார்த்து "பையன் சூட்டிகை" என்று சொல்ல வேண்டும். வேகம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். சாயங்காலம் கிளினிக்குகள் திறந்த பிறகு கவுண்டர் முன்னால் நிற்கிறவர்களுக்குப் பொறுமை கிடையாது. ஆனால் வேகம் சொல்லிக்கொடுக்காமலே வந்துவிடும்; எந்தச் சரக்கு எந்தத் தட்டில் இருக்கிறது என்று பழகிவிட்டால் போதும். போய்க்கொண்டிருக்கிற கையை நிறுத்துவதுதான் தானாக வராது. அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தொழில் பழக வருகிற பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இந்த ஒன்றைத்தான். மற்றதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது.

நான் வேலைக்கு வந்த காலத்தில் மருந்து கலக்கும் பழக்கம் முழுதாகப் போய்விடவில்லை. வயிற்று உப்புசத்துக்குக் கார்மினேட்டிவ் மிக்சர், படைக்கு விட்ஃபீல்ட் களிம்பு, தொண்டைக்கு மாண்டில்ஸ் பெயிண்ட். நோயாளிகள் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவருவார்கள். வேளைக்கு ஒரு வெட்டு வைத்து நறுக்கிய காகிதப் பட்டையைப் பாட்டிலின் பக்கவாட்டில் ஒட்டிக் கொடுப்போம். எழுத்துத் தெரியாத பாட்டிகூட அந்த வெட்டைப் பார்த்து அளவாகக் குடிப்பாள். ஊர்க்காரர்களுக்கு நாங்கள் கம்பவுண்டர்கள். 'கலர் தண்ணி கொடுக்கிறவர்' என்ற கேலியும் உண்டு. அந்த வேலையில் ஒரு நல்லது இருந்தது. தராசும் அளவுக் குடுவையும் கல்வமும் ஆளைத் தாமாகவே நிதானப்படுத்தும். தராசுத் தட்டு ஆடி அடங்கும்வரை நின்றுதான் ஆக வேண்டும். அந்த நேரத்தில் கண் இன்னொரு முறை சீட்டுக்குப் போகும். இப்போது எல்லாம் அட்டையில் வந்துவிடுகிறது. எடுத்தோம், வெட்டினோம், பில் போட்டோம். கையை மெதுவாக்க ஒன்றுமே இல்லாத காலத்தில் மருந்து கொடுக்கப் பழகுகிற பிள்ளைகளுக்கு, எங்களைவிடக் கடினமான வேலைதான் வாய்த்திருக்கிறது.

சட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. கடைகளில் 'அசிஸ்டென்ட் பார்மசிஸ்ட்' என்று ஆள் எடுக்கிறார்கள். 1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டத்துக்குத் தெரிந்தவர் பதிவு பெற்ற மருந்தாளுநர் ஒருவர்தான். மற்றவர்கள் அவர் கண்காணிப்பில் வேலை செய்பவர்கள். பதிவு வேண்டுமானால் பிளஸ் டூவில் அறிவியல் படித்துவிட்டு டி.பார்ம். இரண்டு ஆண்டு முடிக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு மருத்துவமனையிலோ மருந்துக் கடையிலோ குறைந்தது மூன்று மாதத்துக்குப் பரப்பி 500 மணி நேரப் பயிற்சி. 1991ஆம் ஆண்டு விதிமுறையில், அதில் 250 மணி நேரமாவது சீட்டைப் பார்த்து மருந்து கொடுப்பதிலேயே கழிய வேண்டும் என்று இருந்தது. எழுதியவர்கள் விவரம் தெரிந்தவர்கள். ஆனால் அந்த 500 மணி நேரத்தையும் ஒரு நாள்கூடக் கடைப்பக்கம் வராமல், கையெழுத்தாக மட்டும் வாங்கிக்கொண்டு போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். போட்டுக் கொடுக்கும் பெரியவர்களும் இருக்கிறார்கள். இன்னும் சிலர் பதிவு பெற்றதும் சான்றிதழைக் கடைக்காரருக்கு வாடகைக்கு விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். சுவரில் ஒருவர் பெயர் தொங்கும். கவுண்டரில் கேட்க ஆளில்லாமல் ஒரு சின்னப் பையன் நிற்பான். எனக்கு அந்தப் பையன்மேல் கோபம் வருவதில்லை.

சரி, கை எங்கே நிற்க வேண்டும்? குழந்தை மருந்தில் தொடங்குகிறேன். பாரசிட்டமால் போல எளிதான மருந்து இல்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் ரேக்கில் அது ஒரே சரக்காக இல்லை. 5 மி.லி.க்கு 125 மி.கி. உள்ள சிரப் ஒன்று, 250 மி.கி. உள்ள சிரப் ஒன்று, 1 மி.லி.யிலேயே 100 மி.கி. அடங்கிய சொட்டு மருந்து ஒன்று. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு டாக்டர் ஒரு வேளைக்கு 150 மி.கி. என்று கணக்கிட்டிருந்தால், முதல் சிரப்பில் அது 6 மி.லி., இரண்டாவதில் 3 மி.லி., சொட்டு மருந்தில் ஒன்றரை மி.லி. போன தடவை வாங்கிய சிரப்பில் '6 மி.லி.' என்று தாய்க்குப் பழகியிருக்கும். இந்தத் தடவை சிரப் ஸ்டாக் இல்லை, "அதே மருந்துதான்க்கா" என்று சொட்டு மருந்தை நீட்டிவிட்டால், வீட்டில் அந்தப் பிள்ளை வாயில் போவது நான்கு மடங்கு. பாரசிட்டமால் அளவு மீறினால் கெடுவது கல்லீரல். "அதே மருந்துதான்" என்று சொன்னவன் பொய் சொல்லவில்லை. மருந்து அதேதான், அளவுதான் மாறியிருக்கிறது. பெயரைப் படித்தவன் எண்ணைப் படிக்கவில்லை.

இன்சுலினிலும் இதே கதை. நம் ஊரில் 1 மி.லி.க்கு 40 யூனிட் உள்ள குப்பியும் இருக்கிறது, 100 யூனிட் உள்ளதும் இருக்கிறது. இரண்டுக்கும் ஊசி வேறு: நாற்பதுக்குச் சிவப்பு மூடி, நூறுக்கு ஆரஞ்சு மூடி. நூறு யூனிட் குப்பியை விற்றுவிட்டு, கேட்டார்களே என்று சிவப்பு மூடி ஊசியைக் கொடுத்தால், பத்து யூனிட் கோடுவரை இழுக்கிற பெரியவர் உடம்பில் ஏற்றிக்கொள்வது இருபத்தைந்து யூனிட். சர்க்கரை சரசரவென்று இறங்கி மயங்கி விழுவார். வீட்டில் யாரும் இல்லாவிட்டால் அவ்வளவுதான். குப்பியும் ஊசியும் தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சரியான சரக்கு. சேர்த்துப் பார்க்கிற கண்ணைத்தான் பயிற்சியில் வாங்க வேண்டும்.

மெத்தோட்ரெக்சேட் என்று ஒரு சின்ன மாத்திரை. முடக்குவாதத்துக்கும் சோரியாசிஸுக்கும் கொடுப்பது. அந்த நோய்களுக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். நம் சீட்டுகளில் பெரும்பாலான மாத்திரைகள் தினமும் சாப்பிடுகிறவை, 1-0-1, 0-0-1 என்று எழுதிப் பழகியவை. பழக்க தோஷத்தில் இதையும் 'தினமும் ராத்திரி ஒன்று' என்று கவரில் எழுதிவிட்டால், சில நாளில் வாயெல்லாம் புண்ணாகும், எலும்பு மஜ்ஜை ரத்தம் ஊறுவதை நிறுத்திவிடும், உயிரே போகும். உலகம் முழுக்க இந்த ஒரு மாத்திரையில் இந்த ஒரே தவறு திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. அதனால் கவரில் 'வாரம் ஒன்று' என்று எழுதினால் போதாது. கிழமையை எழுத வேண்டும். 'ஞாயிறு மட்டும்' என்று எழுதிக் கொடுத்தால் படிக்காதவர்கூட ஞாபகம் வைத்துக்கொள்வார்.

பெயர் குழப்பம் தனி. டோபமினும் டோபுடமினும், ஹைட்ராலசினும் ஹைட்ராக்சிசினும். அமெரிக்காவில் அல்சருக்கான லோசெக் என்ற மருந்தும் நீர் பிரிக்கிற லாசிக்ஸும் கையெழுத்தில் ஒன்றுபோலத் தெரிந்து ஆட்கள் தடுமாறியதால், 1990இல் லோசெக்கின் பெயரையே பிரிலோசெக் என்று மாற்றினார்கள். அவ்வளவு பெரிய கம்பெனி பெயரை மாற்றுகிறது என்றால், 'எனக்கு எழுத்து புரியவில்லை' என்று சொல்ல நாம் எதற்குக் கூச வேண்டும்? பொதுப் பெயரைத் தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று மருத்துவ கவுன்சில் 2016இல் டாக்டர்களுக்குச் சொன்னது. நிறையப் பேர் கேட்டார்கள். கேட்காதவர்களின் சீட்டும் உங்கள் கவுண்டருக்குத்தான் வரும்.

கூச்சம் என்று சொன்னேனே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் மக்குகள் இல்லை. மேலே சொன்ன கணக்கையெல்லாம் பரீட்சையில் சரியாகவே போடுவார்கள். கவுண்டரில் நிற்கும்போது ஏன் தடுமாறுகிறார்கள் என்றால், நம் வீடுகளில் பிள்ளைகளை அப்படி வளர்த்திருக்கிறோம். பெரியவர் ஒன்று சொன்னால் ஏன் என்று கேட்கக் கூடாது, டாக்டர் எழுதியதைத் திருப்பிக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம், சீனியரிடம் இரண்டாம் முறை கேட்டால் 'இதுகூடத் தெரியாதா' என்பார். மரியாதை தெரிந்த பிள்ளை வாயை மூடிக்கொண்டு, புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு, ஊகித்து எடுத்துக் கொடுத்துவிடும். துடுக்கான பிள்ளையைவிட இந்த அடக்கமான பிள்ளையைப் பார்த்துத்தான் எனக்குப் பயம். பெரியவர்களிடம் திருப்பிக் கேட்கலாம் என்று ஒரு பெரியவனே சொன்னால் ஒருவேளை கேட்பார்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மறுப்பதும் இதே கூச்சத்தில்தான் தடுக்குகிறது. தெருக்காரர் வந்து நிற்பார். "தம்பி, போன தடவை டாக்டர் கொடுத்தாரே, அதே ஆன்டிபயாட்டிக் ரெண்டு மட்டும் கொடு, சளி பிடிச்சிருக்கு." அப்பாவுக்குத் தெரிந்தவர், மாமா முறை வேறு. ஷெட்யூல் எச்1 என்று ஒரு பட்டியல் இருக்கிறது. 2014 மார்ச்சில் அமலுக்கு வந்தது. வீரியமான சில ஆன்டிபயாட்டிக்குகள், காசநோய் மருந்துகள், பழக்கமாகிவிடக்கூடிய சில தூக்க மருந்துகள் அதில் உண்டு. சீட்டு இல்லாமல் தரக் கூடாது. சீட்டுக்குத் தந்தாலும் டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாவற்றையும் தனி ரிஜிஸ்டரில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு நான் சொல்கிற உபாயம் இந்த ரிஜிஸ்டர்தான். "தர மாட்டேன் மாமா" என்று சொல்ல வாய் வராவிட்டால், ரிஜிஸ்டரை எடுத்து அவர் முன்னால் விரித்து, "டாக்டர் பேர் என்னன்னு எழுதட்டும் மாமா?" என்று கேளுங்கள். சண்டை வராது. அவரே போய் டாக்டரைப் பார்ப்பார், அல்லது பக்கத்துக் கடைக்குப் போவார். பக்கத்துக் கடை கொடுத்துவிடுமே என்று முதலாளி முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

சில்லறைப் பழக்கங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் காலாவதியாகிற சரக்கை முன்னால் வையுங்கள். அட்டையை வெட்டும்போது பேட்ச் நம்பரும் தேதியும் இருக்கிற பக்கத்தைக் கடைசிவரை விட்டுவைத்து மறுமுனையிலிருந்து வெட்டுங்கள். இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள், ஃப்ரீஸரில் வைக்காதீர்கள். வாங்கிக்கொண்டு போகிறவரிடமும் அதைச் சொல்லுங்கள்.

சொல்வது என்றதும் ஞாபகம் வருகிறது. ஆஸ்துமாவுக்கு ரோட்டாகேப் என்று மருந்துக் கேப்சூல் வருகிறது, கருவியில் போட்டு உறிஞ்ச வேண்டியது. அதைத் தண்ணீர் விட்டு விழுங்கிவிட்டு, 'மூச்சுத் திணறல் குறையவே இல்லை' என்று வருகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கேப்சூல் என்றால் விழுங்குவது என்றுதானே அவருக்குத் தெரியும்? சிரிக்கிற பிள்ளைகளிடம், அவருக்குக் கொடுத்தவர் யார் என்று கேட்பேன். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் கொடுத்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும். ஒரு தீங்கும் இல்லை. முன்னாலேயே சொல்லாவிட்டால், ரத்தம் போகிறது என்று பயந்து மருந்தையே நிறுத்திவிடுவார்கள்.

காசநோயில் சென்னைக்கு ஒரு பெருமை உண்டு. 1956இல் இங்கே தொடங்கிய காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம், சானடோரியத்தில் படுத்துச் சிகிச்சை பெற்றவர்களையும் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டு 1959இல் முடிவை வெளியிட்டது. அப்போதைய மருந்துகள் வேறு. நெருக்கடியான வீடு, போதாத சாப்பாடு என்று இருந்தும், ஒழுங்காக மருந்து எடுத்தவர்கள் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமானார்கள். உலகமே அதற்குப் பிறகுதான் காசநோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்க்கத் துணிந்தது. கட்டிலும் நர்ஸும் இல்லாத அந்த வீட்டுக்கு மருந்தோடு கூடப் போகிறது, கொடுக்கும்போது நாம் சொல்லி அனுப்புகிற நாலு வார்த்தைதான். அதற்கு அரை நிமிஷம் ஆகும். பின்னால் நிற்பவர் முகம் சுளிப்பார், சுளித்தால் சுளிக்கட்டும்.

கடைசியாக, டாக்டருக்குப் போன் செய்வது எப்படி என்று எந்தக் கல்லூரியும் உட்காரவைத்துச் சொல்லித்தருவதாகத் தெரியவில்லை. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். முதலில் கடைப் பெயர், பிறகு நோயாளியின் பெயரும் வயதும், பிறகு சந்தேகம். 'இது சரியா டாக்டர்?' என்று மொட்டையாகக் கேட்டால், வேலை அவசரத்தில் 'ம், சரி' என்றுதான் பதில் வரும். 'மெத்தோட்ரெக்சேட் தினமும் என்று இருக்கிறது, வாரம் ஒரு நாளா?' என்று கேளுங்கள். அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்டு, சீட்டின் ஓரத்தில் நேரத்தோடு குறித்து வையுங்கள். சிலர் எரிந்து விழுவார்கள். "படிக்கத் தெரியாதவனையெல்லாம் யாரய்யா கடையில் வைத்தது?" என்று ஒரு டாக்டர் என் முன்னால் ஒரு பெண்ணைத் திட்டினார். அவள் கண் கலங்கியது, போனை மட்டும் வைக்கவில்லை. கேட்டதையே மறுபடி கேட்டாள். அந்தப் பக்கம் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "வாரம் ஒண்ணும்மா, புதன்கிழமை" என்றார். அந்த டாக்டரிடமிருந்து அதன் பிறகு வந்த சீட்டுகளில் அந்த மாத்திரைக்கு நேராகக் கிழமையும் இருந்தது.