வாங்கியவர் வாய்மொழி

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பது பழமொழி. பிள்ளைகளைக் குறித்து எழுந்த இப்பழமொழி பொருள்களுக்கும் பெரிதும் பொருந்துவதாகும். தன் உழைப்பின் ஒரு பகுதியைக் கொடுத்து வாங்கிய பொருளைப் பிறர் பழிக்கக் கேட்க எவரும் விரும்புவதில்லை; தாமும் அதனை எளிதிற் பழிப்பதில்லை. ஆயினும் புதிதாக ஒரு பொருளை வாங்க முனைபவர் முதலில் நாடிச் செல்வது, ஏலவே அதனை வாங்கியவரிடமேயாகும். விற்பவர் சொல்லை ஐயுறும் மனம் வாங்கியவர் சொல்லை நம்புகின்றது. இந்நம்பிக்கை எவ்வளவு தூரம் தகுந்தது? கொக்குவிலில் ஒரு வீட்டின் முன்னறைக்கு வந்து சேர்ந்த ஒரு கருவியின் கதையைக் கொண்டு இதனைச் சிறிது நோக்கலாம்.

அவ்வீட்டின் மூத்த மகன் வங்கியொன்றில் எழுதுவினைஞர். தந்தையார் இளைப்பாறிய ஆசிரியர். 2019 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மகன் ஹோம் தியேட்டர் றிசீவர் ஒன்றை வாங்க எண்ணினார். தொலைக்காட்சியிலிருந்தும் இறுவட்டிலிருந்தும் வரும் ஒலியைத் தனித்தனிக் கூறுகளாகப் பிரித்து, பெருக்கி, அறையைச் சுற்றி வைக்கப்படும் ஐந்து அல்லது ஏழு ஒலிபெருக்கிகளுக்கு அனுப்புவது இக்கருவியின் தொழில். 1992 இல் ‘பற்மன் ரிற்றேர்ன்ஸ்’ என்னும் ஆங்கிலத் திரைப்படத்துடன் திரையரங்குகளுக்கு வந்த டொல்பி டிஜிற்றல் முறை, பின்னர் வீடுகளையும் எட்டியபோது இத்தகைய கருவிகள் பெருகின. அவற்றுள் மிக மலிந்தனவும் உண்டு. மோட்டார் வண்டியின் விலைக்கு நிகரானவையும் உண்டு. மகன் விரும்பியது நடுத்தர விலையுடையது. மலிந்ததை வாங்குபவர் பெரிதாக எதனையும் எதிர்பார்ப்பதில்லை. மிக உயர்ந்ததை வாங்குபவர் தவறு நேரினும் தாங்கிக்கொள்வார். இரண்டு மாதச் சம்பளத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து நடுத்தர விலையில் வாங்குபவருக்கோ தவறு செய்ய வசதியில்லை. ஆதலின் அவர் பலரிடமும் கருத்துக் கேட்டார்.

முதலாமவர் கொழும்பிலே, வெள்ளவத்தை மாடிவீடொன்றில் வாழும் சக ஊழியர். தமது றிசீவரின் தாழ்ந்த ஒலிகள் நெஞ்சை அதிரச் செய்வன என்று அவர் வியந்து கூறினார். அவர் பொய் கூறவில்லை. ஆனால் அவரது அறை சிறியது. சுவர்களும் தரையும் சீமெந்தும் பளிங்கோடும். தாழ்ந்த ஒலிகளுக்கான ஒலிபெருக்கியோ ஒரு மூலையில் இருந்தது. சிறிய அறையின் மூலையில் வைத்த ஒலிபெருக்கியின் தாழ்ந்த ஒலிகள் சுவர்களாற் பெருகும் என்பது ஒலியியலில் நன்கறியப்பட்ட செய்தி. அவர் புகழ்ந்தவற்றுட் பாதி கருவிக்கும் பாதி சுவருக்கும் உரியனவாம்.

இரண்டாமவர் ஓர் உறவினர். கனடாவிலிருந்து வந்தபோது அங்கு குறைந்த விலைக்குக் கிடைத்த றிசீவரைக் கொண்டுவந்தவர். அக்கருவியைப் போல் உதவாத பொருள் உலகில் இல்லை என்பது அவர் துணிபு. கனடாவில் வீட்டு மின்சாரம் 120 உவோற்று. இலங்கையில் 230 உவோற்று. இறக்கு நிலைமாற்றி ஒன்றைப் பொருத்தாது நேரே செருகியமையால் முதல் நாளிலேயே அது கருகிற்று. அவர் சினம் உண்மையானது. அதனைத் தாங்க வேண்டிய குற்றவாளி மட்டும் வேறு.

மூன்றாமவர் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவர். தம் வீட்டிலும் ஒரு றிசீவர் வைத்திருந்த அவர், பெட்டியின் மேல் எழுதப்பட்ட உவாற்றுக் கணக்கை நம்பலாகாது என்றார். ஒரே ஒரு ஒலிபெருக்கியை மட்டும் இயக்கி, ஒரே மீடிறனில், மிகுந்த திரிபையும் பொறுத்துக்கொண்டு அளந்தால் பெரிய எண் கிடைக்கும். இரண்டு ஒலிபெருக்கிகளை இயக்கி, 20 முதல் 20,000 வரையான மீடிறன் முழுவதிலும், திரிபு மிகச் சிறிதாயிருக்க அளந்தால் எண் பெரிதும் சுருங்கும். ஐக்கிய அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு 1974 இலேயே, வீட்டு ஒலிப்பெருக்கக் கருவிகளின் வலுவை இன்ன முறையில் அளந்து கூற வேண்டும் என விதி வகுத்தமைக்குக் காரணம் இவ்வெண் மயக்கமேயாகும். மேலும், வலுவை இரு மடங்காக்கினாலும் ஒலி மட்டம் 3 டெசிபெல் மாத்திரமே உயரும். செவிக்கு ஒலி இரு மடங்காகத் தோன்ற ஏறத்தாழப் பத்து மடங்கு வலு வேண்டும். 80 உவாற்றுக்கும் 100 உவாற்றுக்கும் உள்ள வேறுபாடு ஒரு டெசிபெல் அளவினதே. இவ்வேறுபாட்டுக்காக மேலதிகப் பணம் கொடுத்தவர்கள் அதனைத் தெளிவாகக் கேட்டதாகச் சாதிப்பதையும் அவர் கண்டிருந்தார்.

நான்காமவர் ஓர் இசையாசிரியை. இரண்டு ஒலிபெருக்கிகளைக் கொண்ட பழைய கருவியே அவரிடம் இருந்தது. வீணையையும் வாய்ப்பாட்டையும் கேட்பதற்கு அவ்விரண்டுமே போதும் என்றார் அவர். அவரளவில் அது முற்றிலும் சரியே.

நால்வரும் நேர்மையானவர்கள், நால்வர் கருத்தும் நான்கு திசை நோக்கின. இதற்கான காரணத்தை உளவியலாளர் ஆராய்ந்துள்ளனர். 1956 இல் ஜக் பிறெம் என்பவர் பெண்கள் சிலரிடம் வீட்டுப் பொருள்கள் சிலவற்றைக் காட்டி மதிப்பிடச் செய்தார். பின்னர் அவற்றுள் இரண்டைக் காட்டி ஒன்றைத் தெரிந்தெடுத்துக்கொள்ளுமாறு கூறினார். மறுபடி மதிப்பிட்டபோது, தெரிந்த பொருளின் மதிப்பு அவர்கள் மனத்தில் உயர்ந்தும், விட்ட பொருளின் மதிப்புத் தாழ்ந்தும் இருந்தன. பொருள்கள் மாறவில்லை, தெரிவு மாத்திரமே இடையில் நிகழ்ந்தது. 1994 இல் புளொயிட் ரூல், சோன் ஒலிவ் ஆகிய இருவரும் ஒலிபெருக்கிகளைக் கொண்டு நடத்திய சோதனையும் இத்தகையதே. கேட்பவர்கள் ஒலிபெருக்கிகளைக் கண்ணாற் கண்டபோது அளித்த மதிப்பீடும், திரைக்குப் பின்னால் அவை மறைந்திருந்தபோது அளித்த மதிப்பீடும் வேறுபட்டன. காது தனித்து நின்று கேட்பதில்லை என்பது இவற்றாற் புலனாகும்.

மகன் கருவியை வாங்கினார். முதல் மாதத்தில் அதற்கு நிகரானது யாழ்ப்பாணத்தில் இல்லை என்று கண்டோரிடமெல்லாம் கூறினார். குண்டு வெடிக்கும் காட்சிகளில் அலுமாரிக் கண்ணாடி கிலுகிலுத்தமை அவருக்குப் பெருமிதமாயிருந்தது. தாயாரின் கருத்தோ வேறு. ஐம்பது பொத்தான்கள் கொண்ட றிமோட், மின்சாரக் கட்டணம், தூசி என்பன அவர் முறைப்பாடுகள். தூசியைத் தடுக்க அவரே ஒரு வழியும் கண்டார்: தாம் பின்னிய விரிப்பொன்றை மடித்துக் கருவியின் மேல் இட்டு, அதன்மேல் பூச்சாடியையும் வைத்தார். மறுநாள் படம் நடந்துகொண்டிருக்கையில் கருவி தானாகவே நின்றது. சிறிது நேரம் கழித்து இயங்கியது, மீண்டும் நின்றது. இரு நாட்கள் மகன் உறங்கவில்லை. பழுதான பொருளைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நண்பர்களுக்கும் அறிவித்துவிட்டார். வெப்பம் வெளியேறும் துளைகள் மூடப்பட்டால், தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டுக் கருவி நின்றுவிடும் என்பதைப் பின்னரே அறிந்தார். விரிப்பு நீங்கியது, பழுதும் நீங்கியது. ஆனால் அவர் பரப்பிய பழியை நண்பர்களின் நினைவிலிருந்து நீக்குவது அத்துணை எளிதாயிருக்கவில்லை.

இவ்வளவும் நடந்த வேளையில் தந்தையார் கருத்து எதனையும் கூறவில்லை. அவரிடம் எவரும் கேட்கவும் இல்லை. சில ஆண்டுகளாகவே அவர் தொலைக்காட்சிக்கு முன் அமர்வதைக் குறைத்துக்கொண்டு விறாந்தையிற் பத்திரிகையோடு இருந்து வந்தார். இக்காலத்துச் செய்தி வாசிப்போர் சொற்களை விழுங்குகின்றனர் என்பது அவர் அடிக்கடி கூறும் குறை. முதுமையில் வரும் சலிப்பு என வீட்டார் அதனைக் கொண்டனர்.

ஒருநாள் மாலை மகன் கருவியின் அமைப்புகளை மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது வலது ஆகிய இரண்டிலும் ஒப்ப வரும் ஒலியைப் பிரித்தெடுத்து நடு ஒலிபெருக்கிக்கு அனுப்பும் வசதி இக்கருவிகளில் உண்டு. பேச்சொலி பெரும்பாலும் இவ்வாறே நடுவுக்கு வந்து சேரும். அந்நடு ஒலிபெருக்கியின் மட்டத்தை நான்கு டெசிபெல் உயர்த்தி, இரவு எட்டு மணிச் செய்தியை அவர் வைத்தார். மெல்லிய தொலைக்காட்சிப் பெட்டியின் பின்புறத்திலிருந்து சுவரிற் பட்டு வந்த குரல், அன்று நேர்முகமாக அறைக்குள் வந்தது. விறாந்தையிலிருந்த தந்தையார் எழுந்து வந்து வாசலில் நின்றார். பின்பு உள்ளே வந்து அமர்ந்தார். செய்தி முடிந்ததும், “இண்டைக்குத்தான் அந்தப் பிள்ளை விளங்க வாசிக்குது” என்றார்.

அவர் கருவியைப் புகழவில்லை, அதனை நினைக்கவுமில்லை. செய்தி வாசித்த பெண்ணையே புகழ்ந்தார். அப்பெண்ணோ அதே செய்தியை அதே குரலில் பல ஆண்டுகளாக வாசித்து வருபவர். தாயாரும் மகனும் ஒருவரையொருவர் நோக்கினர். அடுத்த வாரம் தந்தையாரைக் காது வைத்தியரிடம் அழைத்துச் சென்றனர். முதுமையில் உயர்ந்த மீடிறன்களைக் கேட்கும் ஆற்றலே முதலிற் குன்றும். உயிரொலிகள் கேட்கும், ஆனால் சொல்லைச் சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யொலிகள் பல மங்கிவிடும். ஒலி கேட்கின்றது, பொருள் விளங்கவில்லை என்னும் நிலை அது. தந்தையார் சலிப்புற்றிருக்கவில்லை, விலக்கப்பட்டிருந்தார். அதனை அவரும் அறியவில்லை, உடன் வாழ்ந்தோரும் அறியவில்லை.

1990 களின் முற்பகுதியில் குடாநாட்டில் மின்சாரம் அற்றிருந்த காலத்தில், துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்னில் வானொலி கேட்டவர் அவர். கேட்ட செய்தியை வேலிக்கு அப்பால் நின்ற அயலாருக்கு எடுத்துரைத்ததும் அவரே. அத்தகையவர் தம் வீட்டு முன்னறையில், மின்விளக்கின் கீழ், செய்தி விளங்காது எழுந்து சென்றதை இரண்டு மூன்று ஆண்டுகள் எவரும் கவனிக்கவில்லை என்பதே மகனை வருத்தியது. காதுக் கருவி அணியத் தந்தையார் உடனே இசையவில்லை. ஓராண்டு கழிந்த பின்னரே இசைந்தார்.

2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நிலவியபோது றிசீவர் பெரும்பாலும் உறங்கியே கிடந்தது. மின்சாரம் திடீரென மீளும்போதும் இடி முழங்கும்போதும் செருகியைக் கழற்றி வைக்கத் தாயாரே முந்திக்கொண்டார். தங்கையின் திருமணத்துக்கு முன்னறையில் இடம் தேவைப்பட்டபோது பின்புற ஒலிபெருக்கிகள் அகற்றப்பட்டன. அவை மீண்டும் தம் இடத்துக்கு வரவில்லை. இன்று எஞ்சியுள்ளவை முன்புற ஒலிபெருக்கிகள் மூன்று மாத்திரமே. ஏழு ஒலிபெருக்கிகளுக்கென விலை கொடுத்து வாங்கிய கருவி மூன்றோடு வாழ்கின்றது.

இவ்வாறு நோக்குமிடத்து, வாங்கியவர் வாய்மொழி பயனற்றது என்று கொள்ளுதல் தவறாகும். கருவி எவ்வாறு சூடேறும், எத்தனை ஆண்டு உழைக்கும், மின்வெட்டை எவ்வாறு தாங்கும் என்பவற்றை உடன் வாழ்ந்தவரே கூற வல்லவர். ஆனால் நல்லதா தீயதா என்று வினவினால் அவர் கருவியைப் பற்றிக் கூறுவதுபோலத் தம் அறையையும், தம் செவியையும், தாம் கொடுத்த பணத்தையும் பற்றியே பெரிதும் கூறுவார். கேட்பவர் அதனை அறிந்து கேட்டல் வேண்டும். பணம் கொடாதவரும் அவ்வீட்டில் உளர். அவர்கள் கருத்தையும் கேட்டல் வேண்டும். இக்கதையில் மெய்யான மதிப்பீட்டைத் தந்தவர், விலையும் அறியாது, பெயரும் அறியாது, விறாந்தையிலிருந்து எழுந்து வந்தவரேயாவர்.

அண்மையில் வங்கிக்குப் புதிதாக வந்த இளைஞர் ஒருவர் தாமும் ஒரு றிசீவர் வாங்க இருப்பதாகக் கூறி, எது நல்லது என மகனிடம் வினவினார். அறை எவ்வளவு பெரியது, வீட்டில் முதியோர் உளரா, அவர்கள் தொலைக்காட்சி பார்ப்பதுண்டா என்று மகன் திருப்பி வினவினார். உவாற்றுக் கணக்கை எதிர்பார்த்து வந்த இளைஞர் சிறிது திகைத்தார். பாட்டனார் ஒருவர் உண்டு என்றும், அவர் படங்களை விரும்புவதில்லை என்றும் விடையளித்தார். எந்நாள் முதல் விரும்புவதில்லை என்று மகன் மறுபடியும் கேட்டார்.