அக்காவின் பிறப்புப் பதிவு

கிளிநொச்சியில் இருக்கும் எனது பெரியம்மாவின் மகள் சென்ற வருடம் தொலைபேசியில் பேசும்போது, "தங்கச்சி, எனக்குக் கடவுச்சீட்டு எடுக்க வேணும். என்ட பிறப்புப் பத்திரத்தை எடுத்துத் தருவியா?" என்று கேட்டார். அவரது மூத்த மகள் தமிழ்நாட்டில் அகதி முகாமொன்றில் திருமணம் முடித்து, இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். அந்தப் பேரப்பிள்ளைகளை அக்கா இன்னும் நேரில் கண்டதில்லை.

அக்கா பிறந்தது 1968 இல், இறக்குவானைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில். 1977 கலவரத்தில் லயம் எரிந்தபோது பெரியம்மா குடும்பம் வன்னிக்குப் போனது. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலிருந்து அப்படிப் போனவர்கள் ஏராளம். 1981 இலும் 1983 இலும் இன்னும் பலர் போனார்கள். இதை வாசிக்கும் சகோதரிகளில் சிலரும் அவர்களின் பிள்ளைகளாக இருக்கக்கூடும். அக்காவின் பத்திரங்கள் இருந்த பை 2009 இல் முள்ளிவாய்க்காலில் போய்விட்டது.

பிறப்புப் பதிவு எண் தெரியாது, திகதியும் தெரியாது. "ஆடி மாசம், மழை" என்பதுதான் பெரியம்மா சொல்லி வைத்தது. எண் இல்லாவிட்டால் பதிவேட்டைத் தேடும்படி விண்ணப்பிக்க வேண்டும். தேடும் காலம் நீள நீளக் கட்டணமும் கூடும். தோட்டத்தில் பிறந்த பிள்ளையின் விபரத்தைத் துரைதான் பதிவாளருக்கு அனுப்புவது அக்கால வழக்கம். எனவே தோட்டக் கந்தோரில் கேட்டேன். 1975 இல் தோட்டங்கள் அரசுக்குப் போய், 1992 இல் கம்பனிகளிடம் கைமாறியதில் பழைய புத்தகங்கள் மிஞ்சவில்லை. கடைசியில் உதவியது தோட்டப் பாடசாலையின் சேர்வு இடாப்புத்தான். அதிபர் ஐயா தூசு தட்டி எடுத்துக் காட்டினார். அக்காவின் பெயர் இருந்தது, பிறந்த திகதியும் இருந்தது.

அந்தத் திகதியோடு பிரதேச செயலகத்துக்குப் போனேன். படிவம் சிங்களத்தில் மட்டுமே இருந்தது. 1988 ஆம் ஆண்டின் 16 ஆவது திருத்தத்தின்படி அரச அலுவலகங்களில் தமிழில் அலுவல் பார்க்க எமக்கு உரிமை இருக்கிறது. தமிழில் எழுதிக் கொடுத்தேன். முகம் சுழித்தாலும் வாங்கிக்கொண்டார்கள்.

பிரதி கிடைத்தபோது இரண்டு சிக்கல்கள் தெரிந்தன. தகப்பனின் இனம் "இந்தியத் தமிழர்" என்றிருந்ததால், பிரஜாவுரிமைப் பத்திரம் எங்கே என்று எழுதுவினைஞர் கேட்டார். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எம்மவரை நாடற்றவர்களாக்கியது, 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எம்மைப் பங்கு போட்டது என்பதெல்லாம் நாம் அறிந்த கதை. ஆனால் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு, 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்துவரும் இந்திய வம்சாவளியினரும் அவர்களது சந்ததியினரும் இந்நாட்டுப் பிரஜைகளே. பெரியப்பா இந்தியக் கடவுச்சீட்டு எடுத்தவருமல்ல. சட்டத்தின் இலக்கத்தைச் சொன்னதும் பேச்சு அடங்கியது. அந்த இலக்கத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றதுதான் பெரிய சிக்கல். பதிவில் அக்காவின் பெயர் "அம்மா" என்று முடிகிறது, அடையாள அட்டையில் "தேவி" என்று முடிகிறது. தோட்டத்தில் கந்தோர்ப் பெயர் ஒன்று, வீட்டுப் பெயர் ஒன்று என்பது சாதாரணம். கடவுச்சீட்டுக்கு அது சாதாரணமல்ல. அடையாள அட்டையை மாற்றிவிடலாமே என்று ஒருவர் சொன்னார். மாற்றினால் மூன்று பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களிலும் தாயின் பெயர் பிழைத்துப் போகுமே! மகளைப் பார்க்கப் போகிறவருக்கு, தாய் இவர்தான் என்று காட்டுவதும் முக்கியம். ஆகவே பிறப்புப் பதிவிலேயே பெயரை மாற்ற, பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 27அ பிரிவின் கீழ் விண்ணப்பித்தோம். நெடுங்காலம் "தேவி" என்ற பெயரையே பாவித்தமைக்கு ஆதாரமாகப் பிள்ளைகளின் பத்திரங்களையும் அடையாள அட்டைப் பிரதியையும் அக்கா தபாலில் அனுப்பினார். கந்தோருக்கு நான்கு தடவை போனேன். நான்கு நாள் கொழுந்துக்குப் போகாததால் நான்கு நாள் பேரும் விழவில்லை.

ஏழாவது மாதம் திருத்திய பிரதி வந்தது. பழைய பெயர் அப்படியே இருக்க, புதியது கடைசிக் கூட்டில் எழுதப்பட்டிருந்தது. பழையதையும் விட்டு வைத்தது எனக்குப் பிடித்திருந்தது, அது பெரியப்பா வைத்த பெயர்.

இனி அக்கா கொழும்புக்கு அலையத் தேவையில்லை. வவுனியாவில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, 2025 இல் யாழ்ப்பாணத்திலும் திறந்தார்கள். 2023 ஜூன் முதல் இணையம் மூலம் விண்ணப்பித்து, குறிப்பிட்ட சில பிரதேச செயலகங்களில் கைரேகை வைக்கும் முறையும் வந்தது. படம் மட்டும் திணைக்களம் அங்கீகரித்த ஸ்டூடியோவில் எடுக்க வேண்டும். அக்கா வவுனியாவுக்கே போய்க் கைரேகை வைத்துவிட்டு வந்தார்.

இப்போது தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அடுத்தது யாழ்ப்பாணத்து இந்தியத் துணைத் தூதரகத்தில் விசா. காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பல் ஓடத் தொடங்கியது என்று கேள்விப்பட்டதிலிருந்து முட்டை விற்ற காசைத் தனியாகச் சேர்த்து வருகிறார். நேற்றும் பேசினார். பேரனுக்குப் பனங்கட்டி கொண்டுபோக விடுவார்களா என்று கேட்டார்.