நமக்குள்ள எதுக்குடா அக்ரிமென்ட்?

''மச்சி, நமக்குள்ள எதுக்குடா அக்ரிமென்ட்?''

செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் இந்த டயலாக்கை விட்டது சாட்சாத் நானேதான். காலேஜ் முடித்த சூட்டோடு நானும் நண்பனும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஆரம்பித்தோம். மாமல்லபுரம் பட்டறைகளில் செதுக்கும் கல் சிற்பங்களை வாங்கி வெளியூர்களுக்கு விற்பதுதான் பிசினஸ். அவன் அப்பா சிற்பி. எனக்கு வாய் மட்டும்தான் மூலதனம்! ஆளுக்குப் பாதி ஷேர், ரெண்டு பேருமே டைரக்டர்.

ரெண்டு வருஷம் ஜோராகப் போனது. திடீரென்று அவனுக்கு துபாயில் வேலை. ''என் ஷேரை எங்க மாமாவுக்குக் கொடுத்துடறேன்டா'' என்றான். மாமாவுக்கு உளி எது, சுத்தியல் எது என்றே தெரியாது. ''முடியாது'' என்றேன்.

கம்பெனி விதிகளைப் புரட்டினால், 'ஷேர் கைமாறுவதை போர்டு மறுக்கலாம்' என்று இருந்தது. போர்டு யாரு? நானும் அவனும்! ஓட்டு ஒன்றுக்கு ஒன்று. சேர்மன் யார் என்றுகூட முடிவு பண்ணவில்லை. மூன்று மாசம் கம்பெனி, எங்க ஊர் வெண்ணெய் உருண்டைப் பாறை மாதிரி அப்படியே நின்றது. டீக்கடைக்குக்கூட தனித்தனியாகப் போனோம்.

சட்டம் படித்த சீனியர் அண்ணன் ஒருவர்தான் அந்த கேஸைச் சொன்னார். ''ரங்கராஜ் - கோபாலகிருஷ்ணன் கேஸ்னு பேரு. அண்ணன், தம்பி ரெண்டு பேர் கம்பெனி. மொத்தம் 50 ஷேர், ஆளுக்கு 25. 'யாராவது விக்கறதா இருந்தா முதல்ல அவங்கவங்க கிளைக்குத்தான் கேட்கணும்'னு 1951-ல வாய்வார்த்தையா பேசிக்கிட்டாங்க. அவங்க காலத்துக்கு அப்புறம், ஒரு கிளையில இருந்த மகன் தன் ஷேரை அடுத்த கிளைக்கு வித்துட்டார். கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. 1991-ல தீர்ப்பு. கம்பெனி விதிகள்ல இல்லாத கட்டுப்பாடு செல்லாதுன்னுட்டாங்க!''

நாற்பது வருஷத்து வாக்கு, காற்றோடு போச்சு.

''அதனால பங்குதாரர் ஒப்பந்தம் எழுதுங்க. ஷேர் விக்கற பாயின்ட்டை மறக்காம கம்பெனி விதிகள்லயும் ஏத்துங்க. விதியை மாத்த முக்கால்வாசி ஓட்டு வேணும். ஆளுக்குப் பாதி வெச்சிருக்கீங்க. அவன் இல்லாம நீ மாத்த முடியாது, நீ இல்லாம அவன் மாத்த முடியாது. சண்டை முத்தறதுக்குள்ள உட்காருங்கடா!''

உட்கார்ந்தோம், கடற்கரைக் கோயில் பக்கம். விற்பதானால் முதலில் பார்ட்னரிடம்தான் கேட்கணும். விலையை ரெண்டு பேருக்கும் பொதுவான ஆடிட்டர் சொல்வார். பணத்தைத் தவணையில் கொடுக்கலாம். போர்டில் இழுபறி வந்தால் யார் பேச்சு முடிவு? ஒருத்தருக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீட்டுக்கு என்ன சேரும்? கடைசிக் கேள்வியில் ரெண்டு பேருமே கொஞ்ச நேரம் பேசவில்லை. முதல் நாளே எழுதியிருந்தால் அரை மணி நேர வேலை!

எழுதின விலைக்கே அவன் ஷேரை நான் வாங்கினேன். பிரைவேட் கம்பெனி என்றால் குறைந்தது ரெண்டு பங்குதாரர், ரெண்டு டைரக்டர் வேண்டுமே... கொஞ்சம் ஷேர் அம்மா பேரில். அம்மாதான் இப்போ இன்னொரு டைரக்டர்!

அவங்களிடம் அக்ரிமென்ட் பேப்பரை நீட்டினேன். ''ஏன்டா, நமக்குள்ள எதுக்கு?'' என்றார்.

''நமக்குள்ளங்கறதாலதாம்மா!''