கஞ்சித் தூக்கு

போன வாரம் நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "கஷ்டம் வந்தால் பிரார்த்தனை செய்கிறீர்களே, அதனால் கஷ்டம் போய்விடுகிறதா?"

கேலியாகக் கேட்கவில்லை. அவர் மனைவி படுத்த படுக்கையாக இருக்கிறார்.

"போவதில்லை" என்றேன்.

"பின்னே எதற்கு?"

உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

சில வருஷங்களுக்கு முன் என் மனைவியும் ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் கிடந்தாள். முதல் ஆபரேஷன் பலன் தரவில்லை. இரண்டாவதற்காக நகையெல்லாம் அடகுக் கடைக்குப் போயிற்று. கதை எழுத உட்கார்ந்தால் ஒரு வரி ஓடாது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். "இத்தனை வருஷம் முழங்காலில் நின்றதற்கு இதுதானா கூலி?" என்று ஒரு நாள் அம்மாவிடம் கத்தினேன்.

அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. செபமாலையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "சண்டை போடணும்னா போடுடா. ஆனா அவருகிட்டயே போய்ப் போடு. எங்கிட்ட கத்தி என்ன ஆகப்போவுது?" பிறகு கஞ்சித் தூக்கை என் கையில் கொடுத்தாள். "அடுத்த கட்டிலு அம்மாவுக்குப் பாக்க ஆளில்லைன்னியே, அவங்களுக்கும் சேத்துத்தான் வச்சிருக்கேன்."

தூக்கோடு நடந்தபோது மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் நினைவு வந்தது. தமிழில் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை 1879-ல் வெளியிட்டவர், கத்தோலிக்கர். கதை எழுதிப் பிழைக்கும் எங்களுக்கெல்லாம் பாட்டனார் முறை. மாயவரத்தில் முனிசீப்பாக இருந்து, வேலையை விட்டபின் அங்கேயே தங்கிவிட்டார். 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியைப் பெரும் பஞ்சம் வாட்டியது. லட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள். 1877-ல் நிவாரண வேலைக்கு வந்த ஆளுக்கு, நாளெல்லாம் மண் சுமந்தால் ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று சர்க்கார் கணக்குப் போட்டது.

வேதநாயகம் பிள்ளை அப்போது இரண்டு காரியங்கள் செய்தார். பஞ்சத்தின் கொடுமையைச் சொல்லிக் கடவுளிடம் முறையிட்டுக் கீர்த்தனைகள் பாடினார். தம் பொருளைச் செலவழித்துப் பசித்தவர்களுக்குக் கஞ்சி வார்த்தார். 'நந்தனார் சரித்திரம்' பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார், அந்தச் சிவபக்தர், தம் கிறிஸ்தவ நண்பரின் இந்தக் கொடையைப் புகழ்ந்து பாடினார்.

பாடினால் போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. கஞ்சி ஊற்றுகிறோமே, பாட்டு எதற்கு என்றும் விட்டுவிடவில்லை. கேட்பவர் ஒருவர் இருக்கிறார் என்று நம்புகிறவன்தானே முறையிடுவான்? காலிச் சுவரைப் பார்த்து யாராவது வழக்காடுவார்களா? என் கோபமும் ஒருவகை விசுவாசம்தான் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அடுத்த கட்டில் அம்மாள் நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தாள். கஞ்சியை மெல்லக் குடித்துவிட்டு, "உப்பு திட்டமா இருக்கு, தம்பி" என்றாள். அன்றிரவு வராந்தா பெஞ்சியில் உட்கார்ந்து ஆண்டவரோடு நன்றாகச் சண்டை போட்டேன். சண்டை முடிந்ததும் தூக்கம் வந்தது. பல நாட்களுக்குப் பிறகு வந்த தூக்கம்.

என் மனைவி பிழைத்தாள். அந்த அம்மாள் பிழைக்கவில்லை. அதனால், 'என் செபம் பலித்தது' என்று சொல்லிக்கொள்ள இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை. அந்த அம்மாளுக்காகவும்தானே செபித்தேன்? இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை. புரியாமலே ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடி பூசைக்குப் போகிறேன். துயரத்தில் இருப்பவன் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடாதபடி என் விசுவாசம் பார்த்துக்கொள்கிறது. மேலே இருப்பவரிடம் பேச வைக்கிறது. பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்க வைக்கிறது. அதற்கு மேல் அதனிடம் நான் எதையும் கண்டதில்லை. அதற்குக் குறைவாகவும் கண்டதில்லை.

நாளைக் காலையில் நண்பர் வீட்டுக்குப் போகவேண்டும். அவர் கேள்விக்குப் பதில் சொல்வதற்காக அல்ல. அம்மாவின் பழைய தூக்கு பரணில்தான் இருக்கிறது. எடுத்து விளக்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.