முற்றம் யார் பெயரில் இருக்கிறது?

மர வீடுகள் குறித்துக் கட்டடக்கலைத் துறையில் இன்று நிகழும் உரையாடல்களில் கரிமக் கணக்கே முதலிடம் பெறுகிறது. அதில் நியாயமும் உண்டு. ஒரு கன மீட்டர் கான்கிரீட்டின் எடை சுமார் 2,400 கிலோ. அதே அளவு ஊசியிலை மரம் சுமார் 500 கிலோதான். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி, அது வளர்ந்த காலத்தில் காற்றிலிருந்து ஈர்த்துக்கொண்ட கரிமம். ஆயினும், பார்சலோனாவின் லா போர்தா கூட்டுறவுக் குடியிருப்பை ஊன்றிப் பயில்பவர், அதன் மரத்தைக் காட்டிலும் அதன் பத்திரமே வியப்புக்குரியது என்ற முடிவுக்கு வந்து சேர்வார்.

அந்நகரின் சான்ஸ் பகுதியில் கான் பாட்யோ என்றொரு பழைய நெசவாலை வளாகம் உண்டு. அவ்விடத்தில் பூங்காவும் பொதுவசதிகளும் அமையுமென்று பல பத்தாண்டுகள் காத்திருந்து சலித்த மக்கள், 2011 ஜூன் மாதத்தில் வளாகத்துக்குள் நுழைந்து அதைத் தம் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தனர். 2008ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பின் ஸ்பெயினில் எண்ணற்ற குடும்பங்கள் கடன் கட்ட இயலாமல் வீடிழந்துகொண்டிருந்த காலம் அது. அந்த மக்கள் முயற்சியிலிருந்தே லா போர்தா கூட்டுறவு உருவாயிற்று. மாநகராட்சி தன் நிலத்தை 75 ஆண்டுக் குத்தகைக்கு அளித்தது. பெரும் வங்கிகளின் அடமானக் கடனுக்குப் பதிலாகக் கூப்57 என்ற நிதிக் கூட்டுறவு துணைநின்றது. அதே பகுதியில் இயங்கும் லாகோல் என்ற கட்டடக் கலைஞர் கூட்டுறவு வடிவமைத்த 28 வீடுகளில் 2018இல் மக்கள் குடியேறினர். வளரும் கலைஞருக்கான மீஸ் வான் டெர் ரோ விருது 2022இல் இக்கட்டடத்துக்குக் கிடைத்தது.

தரைத்தளம் கான்கிரீட்டால் ஆனது. அதற்கு மேலுள்ள தளங்கள் சி.எல்.டி. எனப்படும் குறுக்கடுக்குப் பலகைகளால் ஆனவை. ஓர் அடுக்கின் இழை ஓடும் திசைக்குக் குறுக்காக அடுத்த அடுக்கை வைத்து ஒட்டுவதால், ஈரத்தில் விரிந்தும் வெயிலில் சுருங்கியும் போகும் மரத்தின் இயல்பு பெருமளவு கட்டுப்படுகிறது. பலகைகள் ஆலையிலேயே அளவாக வெட்டப்பட்டுக் களத்தில் பொருத்தப்படுகின்றன. வீடுகள் 40, 60, 75 சதுர மீட்டர் என மூன்று அளவுகளில் உள்ளன. சிறிய வீடே அடிப்படை அலகு. அதனுடன் கூடுதல் அறை சேரச்சேரப் பெரிய வீடு உருவாகிறது.

வீடுகள் சிறியவை, ஆனால் வாழும் இடம் சிறியதன்று. நடுவே ஒரு முற்றம். ஒளிபுகும் கூரை குளிர்காலத்தில் வெயிலின் வெப்பத்தை அதனுள் தேக்குகிறது. கோடையில் அக்கூரை திறந்து வெக்கையை வெளியேற்றுகிறது. எல்லா வீடுகளின் வாயில்களுக்கும் முற்றத்தைச் சூழ்ந்த நடைகளின் வழியாகவே செல்ல வேண்டும். பொதுச் சமையலறையும் உணவுக்கூடமும், சலவை அறை, விருந்தினர் அறைகள், பல்பயன் கூடம் ஆகியவை அனைவருக்கும் உரியவை. விதிகள் வற்புறுத்திய நிலத்தடி வாகன நிறுத்தத்தைக் கைவிடவும் அவர்கள் மாநகராட்சியின் இசைவைப் பெற்றனர். வீட்டுக்கொரு சலவை எந்திரம், எப்போதோ வரும் விருந்தினருக்காக வீட்டுக்கொரு அறை என்று சதுர மீட்டர்களைப் பூட்டிவைக்க வேண்டிய தேவை இதனால் நீங்குகிறது.

பத்திரத்தின் பங்கு இங்கேதான் தொடங்குகிறது. லா போர்தாவில் வசிப்பவர் உரிமையாளரும் அல்லர், வாடகைதாரரும் அல்லர். கட்டடம் முழுவதும் கூட்டுறவுக்குச் சொந்தம். உறுப்பினர் ஒரு வைப்புத்தொகை செலுத்தி, மாதந்தோறும் பயன்பாட்டுக் கட்டணம் கட்டி, தம் வீட்டில் வாழும் உரிமையைப் பெறுகிறார். விலகும்போது வைப்புத்தொகை திரும்பக் கிடைக்கும். வீட்டைச் சந்தையில் விற்று இலாபம் ஈட்ட முடியாது. டென்மார்க்கின் ஆண்டெல் முறையும் உருகுவேயின் வீட்டுக் கூட்டுறவு இயக்கமும் இதற்கு முன்னோடிகள்.

அடுத்தடுத்த இரு வீடுகளைக் கற்பனை செய்து பார்க்கலாம். ஒன்றில் பிள்ளைகள் வளர்ந்து வெளியேறிவிட்டனர். மற்றொன்றில் குழந்தை பிறந்திருக்கிறது. ஓர் அறையை இவ்வீட்டிலிருந்து பிரித்து அவ்வீட்டுடன் சேர்க்க அலகு முறைக் கட்டுமானம் இடம் தருகிறது. ஆனால் இரண்டும் தனியுடைமையாக இருந்தால், அச்சுவரைத் திறக்குமுன் விலை பேச வேண்டும், கிரயம் எழுத வேண்டும், முத்திரைத்தாள் வாங்க வேண்டும், வங்கியின் ஒப்புதல் பெற வேண்டும். கூட்டுறவிலோ அது உறுப்பினர் கூடி எடுக்கும் ஒரு முடிவு. நெகிழும் கட்டடத்துக்கு நெகிழும் உடைமை வேண்டும். சுவரைக் கழற்றலாம், ஆனால் அதைக் கழற்றும் உரிமையைத் தருவது பத்திரமே.

இம்முறையின் எல்லைகளையும் மறைக்க இயலாது. நுழைவதற்கான வைப்புத்தொகை 18,500 யூரோ; மிக வறியவருக்கு அது எட்டாத தொகை. கூட்டங்களில் அமர்ந்து முடிவெடுக்க நேரம் வேண்டும். இரண்டு இடங்களில் வேலை செய்பவரிடம் அந்த நேரம் இருப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மாநகராட்சி நிலம் தராவிட்டால் இக்கட்டடமே இல்லை.

இந்தியச் சூழலில் இக்கேள்வி இப்போது எழுவதற்குக் காரணம் உண்டு. தன் கட்டடங்களில் மரம் பயன்படுத்த 1993இல் விதித்த தடையை மத்தியப் பொதுப்பணித்துறை 2020இல் நீக்கியது. இனி மரக் கட்டுமானத்தைப் பற்றிய ஆய்வேடுகளும் மாதிரி வடிவங்களும் பெருகக்கூடும். ஆனால் நம் நகர்ப்புற அடுக்ககங்களில் பொதுவெளி எவ்வாறு கணக்கிடப்பட்டு வந்தது என்பதும் ஆய்வுக்குரியது. படிக்கட்டும் நடையும் ‘சூப்பர் பில்ட்-அப்’ என்ற பெயரில் சதுர அடியாக விற்கப்பட்டன. வீட்டின் உட்பரப்பளவைக் கொண்டே விற்பனை அமைய வேண்டுமென்று சொல்ல 2016ஆம் ஆண்டின் சட்டம் தேவைப்பட்டது. நிலமோ ‘பிரிக்கப்படாத பங்கு’ என்று பத்திரத்தில் பதிவாகிறது. பெயரளவில் பிரிக்கப்படாத அந்தப் பங்கும் உண்மையில் தனித்தனியே விற்கத்தக்க சொத்துதான்.

ஆகவே, கட்டடக்கலை மாணவர் ஒருவர் பொதுமுற்றத்தைச் சுற்றி மர வீடுகளை வரைந்து வரும்போது, மரம் எந்தக் காட்டிலிருந்து வருகிறது என்று கேட்பது போலவே, முற்றம் யார் பெயரில் இருக்கும் என்றும் ஆசிரியர் கேட்க வேண்டும். அதற்கு விடையில்லையெனில், அம்முற்றம் சில ஆண்டுகளில் வாகன நிறுத்தமாகிவிடும். லா போர்தாவின் முற்றம் 75 ஆண்டுகளுக்கு முற்றமாகவே இருப்பதற்கான ஏற்பாடு, வரைபடத்தோடு சேர்த்து அதன் ஒப்பந்தத்திலும் எழுதப்பட்டிருக்கிறது.