எடை நிற்காத வண்டி

மாருதி வண்டியில் நான் முதலில் கெடுத்தது ஒரு ஸ்பார்க் பிளக் மரை. வருஷம் 1988. எனக்கு 19 வயது. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் மூன்று வருஷம் அம்பாஸடருக்கும் ஜீப்புக்கும் அடியில் படுத்து எழுந்து, இனித் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை என்ற நினைப்பில் திரிந்த காலம். பேங்க் அதிகாரி ஒருவரின் வண்டி வந்திருந்தது. மூன்றே பிளக். கழற்றித் துடைத்து, கேப் பார்த்து, திரும்ப மாட்டினால் முடிந்தது. நடுப் பிளக் முதல் சுற்றிலேயே கொஞ்சம் பிடித்தது. அம்பாஸடரில் அப்படிப் பிடித்தால் மரையில் கரி ஏறியிருக்கிறது என்று பொருள். ஸ்பேனரை மாற்றிப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினால் போய் உட்கார்ந்துகொள்ளும். அழுத்தினேன். முரண்டு பிடித்துக்கொண்டே போனது, அப்புறம் திடீரென்று சோற்றுக்குள் விரல் போவதுபோலப் போனது. அந்தச் சுலபம்தான் வயிற்றைக் கலக்கியது.

மேஸ்திரி வந்து பிளக்கை வெளியே எடுத்தார். அதன் மேல் வெள்ளிச் சுருள்போல ஒன்று சுற்றிக்கொண்டு வந்தது. ஹெட்டின் மரை.

"இரும்புன்னு நெனச்சியா கண்ணு?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அந்தக் கேள்வியோடு மூன்று நாள் கழிந்தது. ஹெட்டைக் கழற்றி, லேத்துக்கு எடுத்துப் போய், ஓட்டையைப் பெரிதாக்கிப் புஷ் போட்டு, புது மரை வெட்டி, திரும்ப மாட்டும் வரை அந்த அதிகாரி டவுன்பஸ்ஸில் பேங்குக்குப் போய் வந்தார். கூலி என் சம்பளத்தில் கழிந்தது.

அதற்கப்புறம் மேஸ்திரி காட்டிக்கொடுத்த வழியைத்தான் இன்று வரை செய்கிறேன். பெட்ரோல் டியூப் ஒரு சாண் வெட்டி, பிளக்கின் பீங்கான் தலையில் செருகி, டியூபைப் பிடித்துக்கொண்டு விரலாலேயே திருக வேண்டும். மரை நேராகப் பிடித்தால் பிளக் தானாக இறங்கும். கோணலாக ஏறினால் ரப்பர் வழுக்கும். டியூப் மட்டும் சுற்றும், பிளக் நிற்கும். தப்பு செய்யும் பலமே கைக்கு இல்லாமல் பண்ணிவிடுகிற வித்தை. கடைசிக் கால் சுற்றுக்குத்தான் ஸ்பேனர்.

அம்பாஸடரில் எஞ்சின் பிளாக்கும் இரும்பு, ஹெட்டும் இரும்பு. அதில் வளர்ந்த கைக்கு "போதும்" என்ற சொல் கிடையாது. புஜம் வலிக்கும்போது நட்டு இறுகியது என்று கணக்கு. வண்டி ஆயிரத்து நூறு கிலோவுக்கு மேல். மாருதி 800 சுமார் 650 கிலோ. அதே ஸ்பேனர், அதே ஆள், ஆனால் கை வேறாக வேண்டியிருந்தது. எங்கள் தலைமுறை மெக்கானிக்குகளில் பலர் கடைசி வரை அந்தக் கையை மாற்றிக்கொள்ளவில்லை என்பது என் அபிப்பிராயம். கோபித்துக்கொள்பவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

எங்கப்பா சோமனூரில் விசைத்தறி ஃபிட்டர். கார் விஷயத்தில் அவருக்கு ஆர்வமே கிடையாது. ஒரு நாள் சோறு தின்னும்போது, இந்த வண்டி செய்யும் ஜப்பான்காரன் ஆதியில் தறி செய்தவன் என்று சொன்னேன். பிசைந்த கையை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். "தறிக்காரனா? அப்ப வண்டி கனமா இருக்காதே" என்றார். எப்படிச் சொல்கிறீர்கள் என்றேன். "போய்ப் போய் வர்ற சாமானுக்குக் கனம் ஆகாது. நாடா கனத்தா நூலும் அறும், தறியும் ஒடையும்." நாடா என்பது பாவுக்குக் குறுக்கே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடி ஊடையைப் போடுகிற கட்டை. நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல் அடித்து ஓட்டி, அடித்து நிறுத்துவார்கள். அதில் ஏறும் ஒவ்வொரு தோலா எடைக்கும் தறி முழுக்கப் பதில் சொல்ல வேண்டும்.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது பின்னால் படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது. ஜப்பானில் ஹமாமட்சு நம் கோவை மாதிரி, நூலும் தறியும் பிழைப்பாக இருந்த ஊர். அங்கே பருத்தி விவசாயியின் மகனான மிச்சியோ சுசுகி தச்சு வேலை பழகி, 1909-இல் தறிப் பட்டறை போட்டார். முதல் தறியைத் தன் அம்மாவுக்காகச் செய்தார் என்று சொல்வார்கள். இரண்டு நாடா ஓடும் தறி, கட்டம் போட்ட துணி நெய்யும் தறி என்று போய், தென்கிழக்காசியாவுக்குக் கைலி நெய்யும் தறிகளை ஏற்றுமதி செய்கிற அளவுக்கு வளர்ந்தது. கட்டம் விழ நிறம் மாற வேண்டும், நிறம் மாற நாடாப் பெட்டி ஏறி இறங்க வேண்டும்; இதைச் சொன்னபோது அப்பா ஜப்பானை ஒரேயடியாக மன்னித்துவிட்டார். அதே வட்டாரத்துக்காரர்தான் தறி மேதை சகிச்சி டொயோடா. அவர் மகன் தொடங்கியதுதான் டொயோட்டா கார். ஹோண்டாவும் யமஹாவும்கூட ஹமாமட்சுவில் முளைத்தவை. ஊர்த் தண்ணீரில் ஏதோ இருந்திருக்கிறது.

தறி ஒரு முறை வாங்கினால் தலைமுறைக்கு உழைக்கும். விற்கிறவனுக்கு அது சங்கடம். அதனால் மிச்சியோவுக்குக் காரின் மேல் கண் விழுந்தது. 1937 வாக்கில் இங்கிலாந்தின் ஆஸ்டின் செவன் ஒன்றை வாங்கி அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டுப் படித்தார்கள். 800 சிசிக்கு உட்பட்ட மாதிரி வண்டிகளும் ஓடின. யுத்தம் வந்து அதை மூடியது. யுத்தம் முடிந்து மறுபடி தறி. 50-களின் தொடக்கத்தில் பருத்தி வியாபாரம் படுத்தது. 1952-இல் சைக்கிளில் மாட்டும் 36 சிசி மோட்டார், 1954-இல் கம்பெனிப் பெயரில் தறி போய் மோட்டார் வந்தது, 1955-இல் சுசுலைட் என்ற குட்டிக் கார். அதுவே முன்சக்கரம் இழுக்கும் வண்டி. நீளம், அகலம், சிசி எல்லாவற்றுக்கும் அரசாங்கம் கோடு கிழித்து, கோட்டுக்குள் நின்றால் வரிச்சலுகை கொடுத்த "கெய்" வகை அது.

அந்தக் கோட்டுக்குள் நின்று விளையாடியவர் ஒசாமு சுசுகி. அந்த வீட்டுக்கு மருமகனாகப் போய், அந்தக் குடும்பப் பெயரையே எடுத்துக்கொண்டு, 1978-இல் தலைவரானவர். அடுத்த வருஷம் ஆல்டோ வந்தது, 4,70,000 யென். காருக்கு வரி அதிகம் என்று அதைச் சரக்கு வண்டிக் கணக்கில் பதிந்து விலையை இறக்கினார்கள். அவருடைய தொழிற்சாலையில் "ஷோ ஷோ கெய் தான் பி" என்று ஒரு மந்திரம்: சின்னதாக, குறைவாக, லேசாக, குட்டையாக, அழகாக. ஒரு உதிரி பாகத்தில் ஒரு கிராம் குறை, ஒரு யென் மிச்சம் பிடி என்பது இன்னொன்று. 2024 டிசம்பரில் 94 வயதில் அவர் இறந்த செய்தியைப் படித்தபோது எனக்கு அப்பாவின் நாடாதான் ஞாபகம் வந்தது.

இங்கே நடந்த கதை பலருக்கும் தெரியும். 1982-இல் மாருதிக்கும் சுசுகிக்கும் ஒப்பந்தம். அப்போது மாருதியின் பொறுப்பில் இருந்த வெ. கிருஷ்ணமூர்த்தி தமிழ்நாட்டுக்காரர், பெல் நிறுவனத்தை நடத்திக் காட்டியவர். 1983 டிசம்பர் 14-இல் முதல் வண்டியின் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். விலை 47,500 ரூபாய். 1986-இல் உடம்பு மாறியது; நாம் எல்லோரும் "மாருதி" என்று மனதில் வைத்திருக்கும் உருவம் அதுதான். ஜப்பானில் அந்த உருவத்தில் ஆல்டோ நாலு வருஷம்தான் விற்றது. இங்கே 2014 ஜனவரி 18 வரை செய்தார்கள். பெற்ற ஊரில் மறந்துபோன பிள்ளையை நாம் 27 வருஷம் வைத்துச் சோறு போட்டோம்.

வாங்கியவர்கள் பெரும்பாலும் ஸ்கூட்டரிலிருந்து ஏறியவர்கள். பதிவு செய்துவிட்டு வருஷக் கணக்கில் காத்திருந்தவர்கள். பட்டறைக்கு வண்டி விட வந்தால் கூடவே நிற்பார்கள். சீட்டின் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்க மாட்டார்கள். லிட்டருக்கு 22 கிலோமீட்டர் கிடைக்கிறது என்பார்கள். சம்பளம், வயது மாதிரி இதையும் யாரும் உண்மையாகச் சொன்னதில்லை. ஒரு தமிழ் வாத்தியார் ஒவ்வொரு லிட்டரையும் டைரியில் எழுதி வைத்திருந்தார். அவர் கணக்கில் 17. அவரை மட்டும் நம்பினேன்.

அந்த வாத்தியார்தான் ஒரு மே மாதம் பர்லியாரில் நின்றார். பெரியவர்கள் ஐந்து பேர், மடியில் இரண்டு குழந்தைகள், மேலே கேரியரில் மூட்டை, ஊட்டிக்குப் பயணம். 37 குதிரைசக்தி எஞ்சின், இரண்டாம் கியரில் கொண்டை ஊசி வளைவு. ஏறியிருக்கும், அதில் சந்தேகமில்லை. ரேடியேட்டர் ஃபேனின் ஃப்யூஸ் எப்போதோ போயிருந்தது. அம்பாஸடரில் எஞ்சின் சுற்றினால் பெல்ட்டில் ஃபேனும் சுற்றும். இதில் ஃபேன் தனி மோட்டார், சூடு ஏறினால்தான் ஓடும். சமவெளியில் எதிர்க்காற்றே போதும் என்பதால் ஃபேன் செத்தது ஆறு மாதமானாலும் தெரியாது. மலையில், மெதுவாக, முக்கி முக்கி ஏறும்போதுதான் தெரியும். டேஷ்போர்டில் ஊசி சிவப்புக்குப் போனதை யாரும் பார்க்கவில்லை. ஆவி கிளம்பியதும் இறங்கி, கொதிக்கிற ரேடியேட்டரில் ஒரு குடம் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிவிட்டார்கள்.

வண்டி பட்டறைக்கு வந்ததும் ஹெட்டைக் கழற்றி, துடைத்து, மேஜையில் கவிழ்த்துப் போட்டு, எஃகு ஸ்கேலை மூலைக்கு மூலை குத்தாக வைத்து, பின்னால் பல்பைப் பிடித்தேன். நடுவில் நூல் பருமனுக்கு வெளிச்சம். ஃபீலர் கேஜில் மெல்லிசுத் தகட்டை விட்டால் சாதாரணமாகப் போய் வந்தது. அலுமினியம் வளைந்துவிட்டது. வாத்தியார் குனிந்து அந்த வெளிச்சத்தைப் பார்த்தார்.

"இத்தனூண்டுதானுங்களா?"

"இவ்வளவுதானுங்க ஐயா. இது போதுமுங்க."

லேத்தில் கொடுத்துச் சீவி, புது கேஸ்கெட் வைத்து மாட்டும்போது போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, மாற்றி மாற்றி, மூன்று தவணையில் முறுக்க வேண்டும். அப்போது என்னிடம் பழைய டார்க் ரெஞ்ச் ஒன்று வந்திருந்தது. வேண்டிய முறுக்கு வந்ததும் "டிக்" என்று ஒரு சத்தம், உள்ளங்கையில் ஒரு சின்ன உதறல். அந்தச் சத்தத்துக்கு அப்புறமும் கை "இன்னும் ஒரு பிடி" என்று கேட்கும். கேட்கிற கையை விலக்கிக்கொள்ள எனக்கு நாலைந்து வருஷம் ஆனது.

தெர்மோஸ்டாட் விஷயத்தில் நானும் பாவம் செய்தவன்தான். நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு என்று பிடுங்கிப் போடுவது அப்போது எல்லாப் பட்டறையிலும் வழக்கம். எஞ்சின் சூடே ஏறாமல் பெட்ரோலைக் குடிக்கும்; அப்புறம் கார்புரேட்டரைக் குடைவோம். வாத்தியாரின் டைரியில் 17 திடீரென்று 14 ஆனதை அவர் விரலை வைத்துக் காட்டியபோதுதான், நான் எறிந்தது என்ன என்று எனக்கு உறைத்தது. மறுநாள் புதிதாக ஒன்று வாங்கிப் போட்டேன். காசு கேட்கவில்லை, காரணமும் சொல்லவில்லை.

2000-இல் கார்புரேட்டர் போய், கம்ப்யூட்டரே பெட்ரோலை அளந்து விடுகிற எம்பிஎஃப்ஐ வந்தது. காதால் கேட்டுச் செய்த வேலை பாதி போனது. 2010-இல் புகை விதி மாறியதும் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் 800 விற்பனையை நிறுத்திவிட்டார்கள். கோவையில் இன்னும் சில வருஷம் கிடைத்தது.

போன மாதம் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் மூடி தேடி உக்கடம் பழைய இரும்புக் கடைக்குப் போனேன். எஞ்சின், சக்கரம், கதவு எல்லாம் கழற்றிய மாருதிக் கூடு ஒன்றை லாரியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். கயிறு இல்லை, கிரேன் இல்லை. நாலு பையன்கள் ஆளுக்கொரு மூலையாகப் பிடித்து, கல்யாணப் பந்தலில் பெஞ்சு தூக்குவதுபோலத் தூக்கிவந்து எடைமேடையில் வைத்தார்கள். கடைக்கார பாய் முள்ளைப் பார்த்தார், கூட்டைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார், மறுபடி முள்ளைப் பார்த்தார்.

"இந்த வண்டிய வாங்குனா நஷ்டந்தானுங்க" என்றார் என்னிடம். "எடையே நிக்க மாட்டேங்குது."